லேசர் மெஷின் வாங்குமுன்

மனைவிக்குச் சலூன் வைத்துக் கொடுத்திருக்கும் சகோதரர் ஒருவர், முடி அகற்றும் லேசர் மெஷினொன்று மலிவாகக் கிடைக்கிறதென்று என்னிடம் யோசனை கேட்டார். விலையிருக்கட்டும், அலைநீளம் எவ்வளவு என்றேன். அவருக்குத் தெரியவில்லை.

லேசர் தேடிப்போவது முடியிலுள்ள கருநிறத்தை. நமது தோலிலும் அந்நிறம் தாராளமாக இருப்பதால், வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும் 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் நம்மவர்களைச் சுட்டுவிடக்கூடும். 1064 நனோமீற்றர் என்டி-யாக் நமக்குப் பாதுகாப்புக் கூடியது. அதையும் முதலில் சிறியதோர் இடத்தில் அடித்துப் பார்த்து, சில நாட்கள் பொறுக்க வேண்டும். வெயிலில் கறுத்து வருபவரைத் திருப்பியனுப்புங்கள். அன்றைய வருமானம் போனால் போகட்டும்.

சுட்டுவிட்டால் உடனே நிறுத்தி, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். ஐஸோ பற்பசையோ வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள், செலவு உங்களுடையது. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாதென்று பில்லில் அச்சடிப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு பெண்ணின் கன்னத்துக்கு அது செல்லாது.