கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவர்கள்

நெல்லை மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை 2024 ஜூன் மாதத்தோடு நின்றுபோனது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 8,373 ஏக்கர் மலைநிலம் அது. குத்தகை 2028-இல்தான் முடிகிறது. தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கும் வேலை மட்டும் முன்கூட்டியே முடிந்துவிட்டது. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மணிமுத்தாறு அணைக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இனி எங்கே போய் எதைச் செய்து பிழைப்பார்கள் என்பதை வெறும் நிவாரணக் கணக்காகவோ வெறும் சட்டச் சிக்கலாகவோ பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. துயரப்பட்டவர்களோடு நின்று பழகியவரே அதிகாரத்தோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்படி ஒருவர் நடுவில் இல்லாத ஒப்பந்தங்கள் எளிய மக்கள் தலையில்தான் விடிகின்றன.

இந்த இரண்டு வேலையையும் ஒரே வாழ்நாளில் செய்துகாட்டியவர் பிரேசில் நாட்டின் செர்ஜியோ வியெரா டி மெல்லோ. 1969-இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் சேர்ந்தார். வங்கதேசம் பிறந்த நாட்களிலும், பிறகு சூடான், சைப்ரஸ், மொசாம்பிக் நாடுகளிலும் நிவாரணப் பணியில் இருந்தார். 1992-93-இல் தாய்லாந்து எல்லை முகாம்களில் இருந்த 3,60,000-க்கும் மேற்பட்ட கம்போடிய அகதிகளை ஊர் திருப்பும் பொறுப்பு அவரிடம் வந்தது. குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் விளைநிலம் என்பது முதல் திட்டம். தாளில் அழகான திட்டம்தான். ஆனால் கண்ணிவெடி இல்லாத நிலம் அவ்வளவு கிடைக்கவில்லை. அந்த நிலையில், கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அகதிகளிடம் சொல்லவில்லை. நிலம் வேண்டுமா, வீட்டுமனையும் வீடு கட்டும் பொருட்களும் வேண்டுமா, பெரியவருக்கு 50 டாலர், குழந்தைக்கு 25 டாலர் என்று ரொக்கம் வேண்டுமா என்று தேர்வை அவர்கள் கையில் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு, சொந்தபந்தம் இருக்கும் ஊரைத் தேடிப் போனார்கள். அதே மனிதர் கெமர் ரூஜ் தளபதிகளோடும் உட்கார்ந்து பேசினார். 1999 முதல் 2002 வரை கிழக்குத் திமோரை ஐ.நா. சார்பில் நிர்வகித்து, அதைச் சுதந்திர நாடாக ஒப்படைத்தார். முகாமில் கற்ற பாடம் பேச்சு மேசையிலும் அவருக்குக் கைகொடுத்தது.

இதற்கு நேர்மாறான உதாரணத்தைத் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரைப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. யாருடைய வாழ்க்கையைப் பிரித்தார்களோ அவர்களை யாரும் கேட்கவில்லை. ராஜதந்திரம் முதலில் முடிந்தது, நிவாரணம் பின்னால் வந்தது. இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976-இல் நிறுவனமானதுதான் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்களுக்கு எந்தத் தேயிலைத் தோட்டமும் ஈடாகவில்லை.

அந்த டான்டீயே மாஞ்சோலையை ஏற்று நடத்த வேண்டும் என்றுதான் 2024-இல் தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்காமல், மறுவாழ்வு உதவிகளைச் செய்யும்படி அரசிடம் சொன்னது. இங்கேயும் 1964-இன் வரிசைதான். 1929-இல் கையெழுத்திட்டவர்கள் ஜமீனும் கம்பெனியும். தேயிலை நட்ட கைகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், கைதான 652 பேரின் விடுதலையும் கேட்டு நெல்லை ஆட்சியரிடம் மனு கொடுக்க ஊர்வலமாக வந்தவர்கள் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. மனு வாங்க ஒரு கை நீண்டிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மாஞ்சோலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, காடு காடாகத் திரும்ப வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். திரும்பத்தான் வேண்டும். தாமிரபரணியின் நீர் அந்தக் காட்டில்தான் பிறக்கிறது, அந்த நீரைக் குடிக்கும் எவரும் இதை மறுக்க முடியாது. கேள்வி காட்டைப் பற்றியது அல்ல, மலையிறங்கும் மனிதரைப் பற்றியது. கீழே வீடு கிடைத்தாலும், ஐம்பது வயதில் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத பெண்ணுக்கு அந்த வீட்டில் அடுப்பெரிய வழி என்ன என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. நிவாரணக்காரர் பேரம் பேசப் போனால் நடுநிலை கெட்டுவிடும் என்பது இன்னொரு எதிர்வாதம். இது கனமான வாதம்தான். போஸ்னியாவில் செர்பியத் தலைவர்களோடு நெருங்கிப் பழகினார் என்ற பழி டி மெல்லோ மீதே விழுந்தது. 2003 ஆகஸ்ட் 19-இல் பாக்தாத் ஐ.நா. அலுவலகக் குண்டுவெடிப்பில் அவரோடு சேர்த்து 22 பேர் இறந்தபோது, ஐ.நா.வை ஆக்கிரமிப்பாளரின் கூட்டாளியாகப் பார்த்த வெறுப்பும் அதன் பின்னால் இருந்தது. ஆனால் இந்த ஆபத்து அதிகாரத்தோடு பேசுவதால் வருவதல்ல, யாருக்காகப் பேசுகிறோம் என்பது மங்கிப்போகும்போது வருவது. பேசாமல் ஒதுங்கி நின்றால் நடுநிலை காப்பாற்றப்படலாம், மக்கள் காப்பாற்றப்படுவதில்லை.

குத்தகை முடிய இருக்கும் காலம் கொஞ்சம்தான். அதற்குள் வனத்துறை, வருவாய்த்துறை, கம்பெனி, தொழிலாளர் என்று எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க, மறுவாழ்வுப் பணியில் அனுபவமுள்ள ஒருவரை அதிகாரத்தோடு அரசு நியமிக்க வேண்டும். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை திட்டம் தீட்டுவது அல்ல. ஊத்திலும் நாலுமுக்கிலும் வீடு வீடாகப் போய், வீடா, மனையா, பணமா, எந்த ஊரில், என்ன தொழில் என்று கேட்டு எழுதி வருவது. போரில் குலைந்து, மண்ணெல்லாம் கண்ணிவெடி புதைந்து கிடந்த கம்போடியாவில் கேட்க முடிந்த கேள்வியை, தாமிரபரணிக் கரையில் நம்மால் கேட்க முடியாதா?