நிறுத்தும் உரிமைக்கும் ஒரு விலை உண்டு

பட்டர்வொர்த் பக்கமிருந்து தீவுக்கு வந்து போகும் மாணவர்களுக்குப் பினாங்குப் பாலம் அன்றாடக் காட்சி. 1985-இல் திறக்கப்பட்டபோது அந்தப் பாலத்தின் நடுப்பகுதியில் 6 தடங்கள் இருந்தன. அதன் இரு பக்கங்களிலும் 4 தடங்கள்தாம். வாகனங்கள் பெருகிய பிறகு, 2008-இல் விரிவாக்கப் பணி தொடங்கியது. 2009 இறுதியில் பாலம் முழுவதும் 6 தடங்களாகியது.

கம்பிவடங்கள் தாங்கி நிற்கும் நடுப்பகுதியைப் பின்னாளில் அகலப்படுத்துவது எளிதான வேலையல்ல. பக்கப் பகுதிகளை அகலப்படுத்துவது அதைவிடச் சுலபம். மாற்றக் கடினமான பகுதி முதலிலேயே அகலமாக இருந்ததால், மற்றதைத் தேவை வரும்வரை தள்ளிப்போட முடிந்தது. தேவை வராமலே போயிருந்தால், அந்தச் செலவைச் செய்யாமலே விட்டிருக்கலாம். நடுப்பகுதியில் கூடுதலாகக் கொட்டிய கான்கிரீட்டும் எஃகும் ஒருவகையில் முன்பணம். "பிறகு விரிவாக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்" என்ற உரிமைக்கு அன்று கொடுத்த விலை அது.

கடமையில்லாத இந்த உரிமையைத்தான் நிதித்துறையில் ஆப்ஷன், அதாவது தெரிவுரிமை என்கிறார்கள். பங்குச் சந்தையில் ஒரு பங்கைக் குறித்த விலைக்குக் குறித்த நாளுக்குள் வாங்கும் உரிமையை விற்கிறார்கள். விலை ஏறினால் வாங்கலாம், இறங்கினால் விட்டுவிடலாம். அந்த உரிமைக்கு என்ன விலை என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தை பிளாக், ஷோல்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1973-இல் வெளியிட்டனர். தொழிற்சாலை, நிலம், ஆராய்ச்சி போன்ற மெய்யான சொத்துகளிலும் இதேபோன்ற உரிமைகள் மறைந்திருக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, அவற்றுக்கு "ரியல் ஆப்ஷன்" என்று பெயரிட்டவர் ஸ்டூவர்ட் மையர்ஸ். ஆண்டு 1977.

வணிகவியல் வகுப்பில் நமக்கு முதலில் கற்றுத் தருவது நிகர நடப்பு மதிப்பு. ஒரு திட்டம் வருங்காலத்தில் தரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து முதலீட்டைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு. நல்ல கருவிதான், தேர்விலும் கைகொடுக்கும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. முதலீடு செய்த மறுநாள் முதல் முதலாளி கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அது வைத்துக்கொள்கிறது. உண்மையில் எந்த முதலாளியும் அப்படி இருப்பதில்லை. சந்தை நன்றாக இருந்தால் விரிவாக்குவார். மோசமானால் சுருக்குவார், ஒத்திவைப்பார், கடையையே மூடுவார்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தீபாவளிப் பலகாரம் செய்து விற்கும் ஒரு குடும்பம் முறுக்குத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்க நினைக்கிறது. இன்றே முழுதாகக் கட்ட 10 லட்சம் ரிங்கிட் ஆகும். சிங்கப்பூரிலிருந்து பெரிய ஆர்டர் கிடைத்தால் தொழிற்சாலையின் மதிப்பு 15 லட்சம். கிடைக்காவிட்டால் 4 லட்சம்தான். வாய்ப்பு பாதிக்குப் பாதி. சராசரி மதிப்பு ஒன்பதரை லட்சம். போடுவதோ 10 லட்சம். அரை லட்சம் நட்டம் என்பதால் நிகர நடப்பு மதிப்பு "வேண்டாம்" என்று சொல்லிவிடும்.

இப்போது வேறு வழி. முதலில் ஒன்றரை லட்சம் ரிங்கிட்டில் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, உரிமம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஓராண்டு கழித்து ஆர்டர் உறுதியானால் மட்டும் இன்னும் 9 லட்சம் போட்டு முடிப்பார்கள். மொத்தச் செலவு பத்தரை லட்சம். முன்னதைவிட அரை லட்சம் அதிகம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆர்டர் வந்தால் 15 லட்சத்தில் 9 லட்சம் போக 6 லட்சம் மிச்சம். வராவிட்டால் மேற்கொண்டு ஒரு காசும் போட மாட்டார்கள். ஆறுக்கும் சுழியத்துக்கும் சராசரி 3 லட்சம். முதலில் போட்ட ஒன்றரை லட்சத்தைக் கழித்தால், ஒன்றரை லட்சம் ஆதாயம்.

அதே தொழில், அதே சந்தை, கூடுதல் செலவு. ஆனாலும் அரை லட்சம் நட்டம் ஒன்றரை லட்சம் ஆதாயமாக மாறிவிட்டது. இடையிலுள்ள 2 லட்சம்தான் நிறுத்தும் உரிமையின் மதிப்பு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆழம் பார்க்கும் கோலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது ரியல் ஆப்ஷன். இந்தக் குடும்பம் அதற்கு அதிகபட்சம் 3 லட்சம் வரை கொடுக்கலாம். அதற்குமேல் போனால் கட்டுப்படியாகாது.

நிச்சயமின்மையைக் கூட்டினால் என்ன ஆகும்? ஆர்டர் வந்தால் 19 லட்சம், வராவிட்டால் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி அதே ஒன்பதரை லட்சம்தான். எனவே இன்றே கட்டினால் அதே அரை லட்சம் நட்டம். ஆனால் படிப்படியாகக் கட்டும் திட்டத்தின் ஆதாயம் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சமாக ஏறுகிறது. நிச்சயமின்மை என்றாலே ஆபத்து என்று படித்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். விலகிக்கொள்ளும் உரிமை கையில் இருப்பவருக்கு, கீழே விழும் ஆழம் கட்டிய முன்பணத்தோடு நின்றுவிடுகிறது. மேலே ஏறும் உயரத்துக்கு அப்படி ஒரு தடை இல்லை. உண்மையான மதிப்பீட்டில் வட்டியும் இடருக்கான கழிவும் சேரும், கிளைகள் இரண்டல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கும். அடிப்படை மட்டும் இதுதான்.

இதன் பெரிய வடிவத்தைக் காண நாம் பாயான் லெப்பாஸ் வரை போனால் போதும். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது 1972-இல், அங்கேதான். 2021 டிசம்பரில் அதே நிறுவனம், அடுத்த 10 ஆண்டுகளில் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. பினாங்கில் சிப்புகளை அடுக்கிப் பொதியும் நவீன ஆலை ஒன்று எழும், இன்டெல்லில் 4,000 பேருக்கும் கட்டுமானத்தில் 5,000 பேருக்கும் மேல் வேலை உருவாகும் என்றும் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்கு என்ன படிக்கலாம் என்று யோசித்த பலரின் காதிலும் அந்தச் செய்தி விழுந்திருக்கும்.

2024 செப்டம்பரில் நிலைமை மாறியது. நிறுவனம் நெருக்கடியில் இருந்தது. ஜெர்மனி, போலந்து திட்டங்களைச் சுமார் 2 ஆண்டுகள் ஒத்திவைப்பதாக அறிவித்த இன்டெல், பினாங்கு ஆலையின் கட்டடத்தை முடிப்போம், ஆனால் இயக்கத்தைச் சந்தை நிலவரத்தைப் பார்த்துத் தொடங்குவோம் என்றது. 2025 டிசம்பரில், மலேசியாவில் பொதித்தல், சோதனைப் பணிகளுக்காக அது மேலும் 86 கோடி ரிங்கிட் முதலீடு செய்யவிருப்பதைப் பிரதமர் தெரிவித்தார்.

செய்தியை மட்டும் படித்தவருக்கு இது தடுமாற்றமாகத் தெரியும். மேலே பார்த்த முறுக்குக் கணக்கை நினைவில் வைத்துப் படித்தால் வேறொன்று தெரியும். சிப்பு ஆலையின் செலவில் பெரும்பங்கு இயந்திரங்களுக்குப் போகிறது, கட்டடம் சிறு பங்குதான். அதனால் கூட்டை முதலில் கட்டு, தேவை உறுதியான பிறகு இயந்திரத்தை இறக்கு என்ற அணுகுமுறையை 2022-லேயே இன்டெல் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு "ஸ்மார்ட் கேப்பிடல்" என்றும் பெயர் வைத்திருந்தது. கட்டி முடித்த வெறும் கட்டடம், பலகாரக் குடும்பம் எடுத்த குத்தகை இடத்தைப் போன்றது. நாள் வந்தால் உடனே இறங்கலாம், வராவிட்டால் பெருந்தொகை தப்பும்.

ஒரு நிறுவனத்துக்கு விலை போடும்போதும் இதே பார்வை உதவும். நிறுவனத்தின் மதிப்பு, இன்று நடக்கும் தொழிலின் வருமானத்தோடு, நாளை செய்யக்கூடியவற்றின் உரிமையையும் சேர்த்தது. மருந்து நிறுவனங்கள் இதற்கு நல்ல சான்று. ஒரு மருந்து கட்டம் கட்டமாகச் சோதிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கொடுக்கும் பணம் அடுத்த கட்டத்துக்குப் போகும் உரிமையை வாங்குகிறது. அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் தன் ஆராய்ச்சிச் செலவுகளை இப்படி எடைபோடுவதை அதன் நிதித் தலைவர் ஜூடி லூவென்ட் 1994-இல் விளக்கியிருந்தார். விற்பனையே தொடங்காத ஒரு மருந்து நிறுவனத்தைப் பெருந்தொகைக்கு வாங்க ஆள் இருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கோட்பாட்டைக் கையில் எடுப்பவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, உரிமை உண்மையிலேயே உங்களுடையதா? யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய சந்தையில் "நாளை விரிவாக்குவோம்" என்பது வெறும் ஆசை. இரண்டாவது, அது எப்போது காலாவதியாகும்? நாம் காத்திருக்கும் ஓராண்டில் போட்டியாளர் அந்த ஆர்டரைக் கொண்டுபோய்விட்டால் உரிமை காலி. மூன்றாவதுதான் கடினமானது. நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தும் மனம் இருக்குமா? போட்ட பணத்தை நினைத்து, கௌரவத்தை நினைத்து, மேலும் மேலும் கொட்டுபவருக்குக் கணக்கில் எழுதிய அந்த 2 லட்சம் ஒருபோதும் கைக்கு வராது. இந்தக் கேள்விகளைக் கேட்காவிட்டால், எந்த மோசமான திட்டத்துக்கும் "ஆப்ஷன் மதிப்பு" என்று ஒரு தொகையைச் சேர்த்து லாபம் காட்டிவிடலாம்.

பாடப்புத்தகம் அதிகம் பேசாத நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. உரிமை ஒருவருடையது என்றால் காத்திருப்பு யாருடையது? பங்குச் சந்தையில் தெரிவுரிமையை விற்றவருக்கு அதற்கான விலை கிடைக்கிறது. ஒரு நிறுவனம் ஆலையை ஒத்திவைக்கும்போது, அதை நம்பி ஆள் சேர்த்த சிறு குத்தகையாளருக்கும், பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞருக்கும் யாரும் எதுவும் தருவதில்லை. நிறுவனம் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத இயந்திரத்தை வாங்கி நட்டப்பட்டு ஆளைக் குறைப்பதைவிட இது மேல். அறிவிப்பில் வரும் தொகை வாக்குறுதி அல்ல, பெரும்பாலும் அது உரிமையின் பட்டியல்தான் என்பதை நாம் புரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்கிறேன்.

அரசாங்கத் திட்டங்களில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. பினாங்கின் தெற்குக் கடலில் 3 தீவுகளை, மொத்தம் 4,500 ஏக்கரில் உருவாக்கும் திட்டம் இருந்தது. மீனவர்கள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். 2023 மே மாதம் அது ஒரே தீவாக, 2,300 ஏக்கராகச் சுருக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த ஒரு தீவுக்கான கடல் நிரப்பும் பணி தொடங்கியது. ஒரே மூச்சில் செய்யும் திட்டமாக இருந்திருந்தால் அப்படிச் சுருக்கியிருக்க முடியாது. படிகளாகப் பிரித்திருந்ததால்தான் மற்ற இரண்டையும் நிறுத்த முடிந்தது. ஆனால் கட்டடத்தை விற்கலாம், இயந்திரத்தை வேறிடம் மாற்றலாம், நிரப்பிய கடலைத் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெற முடியாத முதலீட்டில்தான் காத்திருப்பதன் மதிப்பு மிக அதிகம் என்பது இந்தக் கோட்பாட்டின் மையப் பாடம். அந்தக் கடலில் மீன்பிடிக்கும் குடும்பங்களின் தெரிவுகளும் கணக்கில் ஒரு வரியாக வரவேண்டும்.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. பொதுப் பணமோ பொதுக் கடலோ சம்பந்தப்பட்ட பெருந்திட்டங்களை அறிவிக்கும்போது, மொத்தத் தொகையோடு அதன் படிகளையும், ஒவ்வொரு படியிலும் எந்த நிலைமை வந்தால் நிறுத்துவோம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். நிறுத்தும் நிபந்தனையை முன்கூட்டியே எழுதி வைத்தால், அந்த நாளில் கௌரவம் குறுக்கே வராது. யார் காத்திருக்கப் போகிறார்கள் என்பதும் வெளிச்சத்துக்கு வரும்.

பள்ளியிலும் இதைத் தொடங்கலாம். மேலே போட்ட முறுக்குக் கணக்குக்குப் பெருக்கலும் சராசரியும் தெரிந்தால் போதும், ஐந்தாம் படிவ மாணவர் ஒரு பாடவேளையில் போட்டு முடித்துவிடுவார். அடுத்த முறை ஒரு பெரிய முதலீட்டுச் செய்தி நாளிதழில் வரும்போது, மாணவர்களே, தொகையைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதில் இன்று போடும் பணம் எவ்வளவு, பிறகு போடலாம் என்று வைத்திருப்பது எவ்வளவு, நிறுத்தினால் யாருக்கு மிச்சம், யாருக்கு நட்டம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.