தெளிவு எங்கே விழ வேண்டும்? முடிவு யாருடையது?

ஒரு பள்ளி ஆண்டு விழா என்று வைத்துக்கொள்வோம். மேடையில் ஒரு மாணவி பரிசு வாங்குகிறாள். அவளுக்கு முன்னால் குத்துவிளக்கு எரிகிறது. நல்ல காமிராதான், விலையும் அதிகம். ஆனால் படத்தைப் பார்த்தால் விளக்கின் சுடர் ஊசி முனைபோல் தெளிவாக இருக்கிறது. மாணவியின் முகமோ மங்கிக் கிடக்கிறது. "காமிராவில் ஏதோ கோளாறு" என்கிறார்கள் எல்லோரும்.

காமிராவில் கோளாறு எதுவும் இல்லை. அது தனக்கு இடப்பட்ட விதிப்படி ஒழுங்காகவே வேலை செய்தது. எதைத் தெளிவாகக் காட்டுவது என்ற முடிவை அதனிடமே விட்டுவிட்டதுதான் தவறு. "எல்லாம் தானியங்கி ஆகிவிட்டதே, இனி இதையெல்லாம் நாம் ஏன் கற்க வேண்டும்?" என்று கேட்கும் மாணவர்கள் பலர். கற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைப் பார்ப்போம்.

ஒரே ஒரு தளம்

குவிலென்ஸைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பொருள் லென்ஸுக்கு அருகே வந்தால் பிம்பம் லென்ஸிலிருந்து விலகிப் போகும். 50 மி.மீ. குவிய தூரமுள்ள லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மிகத் தொலைவில் உள்ள மலையின் பிம்பம் 50 மி.மீ. தூரத்தில் விழும். 5 மீட்டரில் நிற்பவரின் பிம்பம் சுமார் 50.5 மி.மீ. தூரத்திலும், 2 மீட்டரில் நிற்பவரின் பிம்பம் சுமார் 51.3 மி.மீ. தூரத்திலும் விழும். ஒளியை ஏற்கும் உணர்வித் தகடு இருப்பதோ ஒரே இடத்தில். ஆகவே, ஒரு நேரத்தில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள பொருள்களுக்கு மட்டுமே முழுத் தெளிவு கிடைக்கும்.

அதற்கு முன்னும் பின்னும் ஓரளவு தூரம்வரை கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். 36 மி.மீ. அகலமுள்ள உணர்வியில், இதே லென்ஸின் துளையை எப்-2 அளவுக்குத் திறந்து வைத்து 2 மீட்டரில் நிற்பவரைப் படம் எடுத்தால், இந்தத் தெளிவான பகுதியின் ஆழம் ஏறக்குறைய 19 செ.மீ.தான். துளையை எப்-8 அளவுக்குச் சுருக்கினால் அது சுமார் 80 செ.மீ. ஆகும். ஆனால் மங்கலான அரங்கில் துளையைச் சுருக்கினால் ஒளி போதாது. அங்கே அந்த 19 செ.மீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் படத்தின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

காமிரா எப்படி அளக்கிறது?

காமிரா தானாகக் குவியப்படுத்துவதற்கு இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, லென்ஸை நகர்த்திக்கொண்டே வந்து, பிம்பத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மிகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துவது. மற்றொன்று, லென்ஸின் இரு பக்கங்கள் வழியாக வரும் ஒளியைத் தனித்தனியே பிரித்து, இரண்டு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுவது. இரண்டாவது முறையில், லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டு முறைகளுமே பொருளின் விளிம்புகளையும் கோடுகளையும் நம்பியிருப்பவை. வெள்ளையடித்த வெறும் சுவரைக் காட்டினால் காமிரா முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கினால் உடனே நின்றுவிடும். காமிராவுக்குத் தெரிவது கோடுகளும் நிழல்களும். உங்களுக்கு எது முக்கியம் என்பது அதற்குத் தெரியாது.

ஒரு புள்ளியிலிருந்து 51 புள்ளிகள்

1977-ஆம் ஆண்டில் கோனிகா சி35 ஏஎப் என்ற காமிரா, தானாகக் குவியப்படுத்தும் வசதியைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. 1985-இல் வந்த மினோல்டா 7000, லென்ஸ் மாற்றக்கூடிய காமிராக்களில் இவ்வசதியைப் பரவச் செய்தது. அதில் அளக்கும் இடம் சட்டத்தின் நடுவே ஒன்றே ஒன்றுதான். வேண்டியதை அந்த நடுப்பகுதியில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, பிறகு காமிராவைத் திருப்பிச் சட்டத்தை ஒழுங்குசெய்து படம் எடுத்தார்கள்.

பின்னர் புள்ளிகள் பெருகின. 2007-இல் வெளிவந்த நிக்கான் டி3 காமிராவில் 51 புள்ளிகள். இன்றைய காமிராக்கள் பலவற்றில் சட்டத்தின் பெரும்பகுதியில் எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்கலாம். இடங்கள் பெருகியதும் ஒரு புதிய கேள்வி பிறந்தது: இத்தனையில் எதைத் தேர்ந்தெடுப்பது? அதற்குப் பதிலாகத்தான் பலவகைத் தேர்வு முறைகள் வந்தன.

ஒற்றைப் புள்ளி முறையில் இடத்தை நீங்களே குறிக்கிறீர்கள். கிளைகளுக்கு நடுவே அமர்ந்த பறவை, கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் விலங்கு, ஒருவரின் கண் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. மண்டல முறையில் ஒரு பகுதியை நீங்கள் குறிக்க, அதற்குள் ஏற்ற புள்ளியைக் காமிரா எடுத்துக்கொள்கிறது. பறக்கும் பறவை போல, ஒரே புள்ளியில் நிறுத்திவைக்க முடியாதவற்றுக்கு இது உதவும். பின்தொடரும் முறையில் தொடக்கப் பொருளை நீங்கள் காட்டுகிறீர்கள். அது சட்டத்துக்குள் ஓடும் வழியெல்லாம் புள்ளியும் கூடவே ஓடுகிறது. முழுத் தானியங்கி முறையில் காமிராவே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முகம் தென்பட்டால் பெரும்பாலும் அதைப் பிடிக்கும். தென்படாவிட்டால் பெரும்பாலும் அருகில் உள்ள பொருளை நாடும். பரிசு வாங்கும் நேரத்தில் மாணவி தலையைத் திருப்பியிருந்தால், குத்துவிளக்கு வென்றதில் வியப்பு என்ன?

யந்திரத்தின் முடிவும் மனிதரின் விதிதான்

"முகத்தைக் கண்டுபிடிக்கும் காமிராக்கள் இப்போது மிகவும் முன்னேறிவிட்டனவே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2001-இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் முகத்தை விரைவாகக் கண்டறியும் ஒரு வழியை வெளியிட்டார்கள். கண் பகுதி கன்னத்தைவிடக் கருமையாகத் தெரியும் என்பது போன்ற எளிய ஒளி–நிழல் அடையாளங்களே அதன் அடிப்படை. இன்றைய கருவிகள் ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றப்படுகின்றன. அப்படியானால் அந்தப் படங்களில் யார் யார் இருந்தார்கள் என்பது முக்கியமாகிறது அல்லவா?

இதற்குச் சான்றாக, நெருங்கிய துறையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று மென்பொருள்களை ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களில் 0.8 சதவீதத்துக்கு மேல் எதுவும் தவறவில்லை. கருநிறப் பெண்களிலோ தவறு 34.7 சதவீதம்வரை போயிற்று. யந்திரம் யாரையும் வெறுப்பதில்லை. அதற்குக் காட்டப்பட்டதை வைத்தே அது உலகைப் பார்க்கிறது. "காமிராவே முடிவு செய்தது" என்று நாம் சொல்லும்போதெல்லாம், எங்கோ இருக்கும் சில பொறியாளர்கள் எப்போதோ எழுதிவைத்த முடிவைத்தான் ஏற்கிறோம்.

அதற்காகத் தானியங்கி வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. ஓடிவரும் ஒரு குழந்தையைக் கையால் குவியப்படுத்துவது கைதேர்ந்தவர்களுக்கும் கடினம். பின்தொடரும் முறை அதை எளிதில் செய்கிறது. லென்ஸை எவ்வளவு நகர்த்துவது என்ற வேலையை யந்திரம் நம்மைவிட நன்றாகச் செய்யும். எதை நோக்கி நகர்த்துவது என்பதை நாம் சொல்ல வேண்டும். பொறியாளர்களும் இதை உணராமல் இல்லை. 1992-இல் வந்த கேனான் இஓஎஸ் 5 காமிரா, படம் எடுப்பவரின் விழி எங்கே பார்க்கிறது என்று கண்டறிந்து, அங்கே உள்ள புள்ளியைத் தேர்ந்தெடுத்தது. 2021-இல் இஓஎஸ் ஆர்3 காமிராவில் அதே எண்ணம் மீண்டும் வந்தது. மனிதரைக் கேட்டறிய யந்திரத்தைப் பழக்கும் முயற்சி இது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதற்கு விலையுயர்ந்த காமிரா தேவையில்லை. வீட்டில் உள்ள கைப்பேசி போதும். ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, வெளியே உள்ள மரத்தை நோக்கிப் பிடியுங்கள். எதையும் தொடாமல் ஒரு படம் எடுங்கள். பிறகு திரையில் கம்பியைத் தொட்டு ஒரு படமும், மரத்தைத் தொட்டு ஒரு படமும் எடுங்கள். மூன்றையும் அருகருகே வைத்து, முதல் படத்தில் கைப்பேசி எதைத் தேர்ந்தெடுத்தது, ஏன் தேர்ந்தெடுத்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். வெறும் சுவர், கறுப்புத் துணி, நண்பரின் நேர்முகம், பக்கவாட்டு முகம் என்று பொருளை மாற்றிச் சோதனையைத் தொடருங்கள். சில நாட்களில் உங்கள் கருவி பின்பற்றும் விதிகள் ஓரளவு பிடிபட்டுவிடும்.

விதி தெரிந்த பிறகு அதை எப்போது ஏற்பது, எப்போது மறுப்பது என்பது உங்கள் கையில் இருக்கும். நமக்காக முடிவெடுக்கும் யந்திரங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. அவற்றிடம் "நீ எதை வைத்து இதைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்கும் பழக்கம் இளமையிலேயே வர வேண்டும். அதைத் தொடங்க ஒரு ஜன்னல் கம்பியும் ஒரு மரமும் போதுமானவை.