காருக்கு ஆயிரக்கணக்கில், சார்ஜருக்கு மட்டும் கஞ்சத்தனமா?

பேரப்பிள்ளைகளுக்கு ரிமோட் கார் வாங்கித் தரும் செங்கல்பட்டுத் தாத்தாக்களே, உங்களோடு எனக்கு ஒரு சண்டை. காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, சார்ஜர் என்றதும் "இருப்பதில் மலிவாகக் கொடுப்பா" என்கிறீர்கள். ஆபத்து காரில் இல்லை ஐயா, சார்ஜரில்தான்.

இந்தக் கார்களின் லித்தியம் பாலிமர் பேட்டரியில் பெரும்பாலும் 2 செல் இருக்கும். எந்தச் செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மொத்தத்தை மட்டும் பார்க்கும் மலிவு சார்ஜர், ஒன்று 4.1, மற்றது 4.3 என்றாலும் "8.4, சரி" என்றுவிடும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்கும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும்.

அடுத்து பவர் சப்ளை. நல்ல சார்ஜர்கள் பலவற்றை வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருக முடியாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு ஆம்பேர் நம்ம ஊர்க்காரர் மாதிரி, கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும், 8.4 × 5 = 42 வாட். இழப்பையும் சேர்த்து 12 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை வாங்குங்கள். "சீக்கிரம் ஏறும் சார்" என்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றில் களிம்பேறும் பிளக் முனைகளையும் துடைத்து வையுங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் மாண்டார்கள். அது பெரிய பேட்டரி, இது சிறியது, இரண்டும் லித்தியம்தான். "பொம்மைதானே" என்று சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.