முதலில் லோங்காங்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டிசம்பர் மழையில் என் வெண்டைச் செடிகள் ஒரே வாரத்தில் வாடின. இலைகள் தொங்கிக் கிடந்ததைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிட்டேன். மழை விட்டு மேல்மண் காய்ந்திருந்த ஒரு மாலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறிக் குழைந்திருந்தது. குழியிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. தாகத்தால் வாடிய செடி அல்ல அது, மூச்சுத் திணறிய செடி.

வேருக்கும் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் உள்ள சிறு இடைவெளிகள் வழியாகத்தான் அது கிடைக்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆக்சிஜன் வேரை எட்டுவதில்லை. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் செயலிழந்ததும், சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. அதனால்தான் வெள்ளத்தில் நிற்கும் செடியும் வறட்சியில் நிற்கும் செடியும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கின்றன. என்னைப் போல ஏமாந்தவர்கள் நம் சமூகத் தோட்டங்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

என் பாத்தி எங்கள் வீவக புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் பயனாக, இப்படிப்பட்ட தோட்டங்கள் இன்று தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. புளோக் கட்டும்போது கொட்டி, இயந்திரங்கள் ஏறி இறுகிய களிமண்தான் பல இடங்களில் நமக்குக் கிடைப்பது. மழையோ ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னைக்குக் கிடைப்பதைப்போல் ஒன்றரை மடங்கு.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். என் பாத்தி 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். 100 மில்லிமீட்டர் பெய்தால் 300 லிட்டர். பக்கத்து நடைபாதையிலிருந்து வழிந்து வருவது தனி.

முதலில் நான் செய்தவை எல்லாம் தவறுகள். மண்ணை இளக்குவதற்காக நான்கு மூட்டை மணல் கலந்தேன். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் அது இளகாது, காய்ந்ததும் செங்கல்போல் இறுகும். உண்மையில் இளக வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணல் வேண்டும். அதைவிட மக்கிய உரம் சேர்ப்பது மேல். அடுத்து, பாத்தியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டேன். இது பூந்தொட்டிகளிலும் பலர் செய்வது. ஆனால் நுண்ணிய மண்ணில் உள்ள நீர், தனக்குக் கீழே உள்ள பெரிய கற்களுக்குள் எளிதில் இறங்காது. மண் முழுவதும் நிரம்பிய பிறகுதான் சொட்டும். ஈரம் மேலேறி வேருக்கு இன்னும் நெருங்கி வந்ததுதான் மிச்சம்.

மூன்றாவதாகச் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பாத்தியின் ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினேன். தண்ணீர் அழகாக ஓடியது. எங்கே ஓடியது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த பாத்தி ஒரு மலாய் மக்சிக்குடையது. மஞ்சளும் செராயும் வைத்திருந்தார். மூன்று வாரத்தில் அவருடைய மஞ்சள் செடிகளின் இலைகள் பழுத்தன. மண்ணுக்குள் கிழங்கு அழுகியிருந்தது. என் வாய்க்கால் அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகிய கிழங்குகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் எங்கள் தோட்டத்து மூத்த உறுப்பினர், ஒரு சீன அங்கிள். சிறு வயதில் பொத்தோங் பாசிரில் காய்கறித் தோட்டத்தில் வளர்ந்தவர். காலாங் ஆற்றை ஒட்டிய அந்தத் தாழ்நிலம் ஒரு காலத்தில் சீனத் தோட்டக்காரர்கள் கீரை பயிரிட்ட இடம். வெள்ளத்துக்கும் பேர்போனது. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “லோங்காங் எங்கே?”

கால்வாயைத்தான் கேட்டார். “முதலில் லோங்காங், பிறகு பாத்தி, கடைசியில் விதை. நீ விதையிலிருந்து தொடங்கியிருக்கிறாய்” என்றார். அவருடைய அப்பா புது நிலத்தில் செடி வைக்கும் முன்பு ஒரு பெருமழைக்குக் காத்திருப்பாராம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறப் பார்க்கிறது என்று நனைந்துகொண்டே சுற்றிப் பார்ப்பாராம்.

யோசித்துப் பார்த்தால், இந்தத் தீவே அந்த வரிசையில்தான் உருவானது. பாயா லேபார் என்ற பெயரில் உள்ள ‘பாயா’வுக்கு மலாயில் சதுப்பு நிலம் என்று பொருள். 1978 டிசம்பர் 2ஆம் தேதி அங்கேதான் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. நாம் காய்கறி வாங்கப் போகும் தேக்காவும் ரோச்சோர் ஆற்றங்கரையின் ஈர நிலம். தண்ணீரும் புல்லும் இருந்ததால்தான் அங்கே மாட்டுத் தொழில் வளர்ந்தது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்ற பெயர் அதன் மிச்சம். அந்த நிலத்தில் இன்று கடைவீதி நிற்கிறது என்றால், தண்ணீருக்கு முதலில் ஒரு வழி வெட்டிக் கொடுத்ததால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மக்சிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பாத்தி வைத்திருக்கும் அனைவரும் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொருவரும் தம் பாத்தியில் 20 சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தால், வரிசை முழுவதற்கும் ஒரே வடிகால் அமைக்கலாம் என்று அங்கிள் சொன்னார். ஒரு கறிவேப்பிலை மரத்துக்காக ஒருவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். மரத்தைச் சுற்றி வளைத்துப் போவதென்று முடிவானது. பொதுக் கால்வாயில் இணைக்க நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நகர மன்றத்திடம் அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியைத் தொட்டோம். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். ஆண்டில் மழை குறைந்த மாதம் அது. ஈரக் களிமண்ணைக் கிளறினால் அது இன்னும் இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். பிசுபிசுவென்று உருண்டையாகவே நின்றால் பொறுத்திருங்கள். உதிர்ந்தால் தோண்டலாம்.

வரிசையின் நீளம் 12 மீட்டர். ஒரு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு போதும். ஆகவே ஒரு முனையில் 20 சென்டிமீட்டர் ஆழம், மறுமுனையில் 32. கண்ணால் பார்த்துச் சரிவை நம்பக்கூடாது. தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் பிடித்து மட்டம் பார்த்தோம். வாய்க்காலில் வடிகட்டித் துணி விரித்து, துளையிட்ட குழாயைக் கிடத்தி, அதன்மேல் ஜல்லி நிரப்பித் துணியை மூடினோம். சேறு பொதுக் கால்வாயில் இறங்கக்கூடாது என்பதற்காகத்தான் துணி. திறந்த வாய்க்காலாக விடாததற்கு இன்னொரு காரணம் டெங்கி. ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தேங்கிய நீரே போதும்.

தோண்டிய மண்ணை வீசவில்லை. மக்கிய உரத்தோடு கலந்து பாத்திகளின் மேலேயே போட்டு 25 சென்டிமீட்டர் உயர்த்தினோம். வடிகால் ஆழமாவதும் பாத்தி உயர்வதும் ஒரே வேலையில் முடிந்தது. அதன் பிறகு யாரும் பாத்தியின்மேல் கால் வைப்பதில்லை.

உங்கள் பாத்தியைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்கினால் கவலையில்லை. என் குழியில் இறங்கியது 1 சென்டிமீட்டர்.

வடிகால் அமைக்க வழியே இல்லாத இடமென்றால் நிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கங்கூன், வல்லாரை, பொன்னாங்கண்ணி, சேம்பு ஆகியவை ஈரத்தை விரும்புபவை. தக்காளி தாங்காது. கத்தரி சில நாள் தாங்கும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், மழைக்காலத் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டுக்கட்டச் சொல்வது இதனால்தான்.

சென்ற டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. குடையோடு கீழே இறங்கினேன். மக்சிக் எனக்கு முன்பே வந்து, குழாயின் வாயருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்த நீர் சீராக விழுந்துகொண்டிருந்தது. என் வெண்டையில் இரண்டு செடி போனது, மற்றவை நின்றன. அவருடைய மஞ்சள் முழுதும் பிழைத்தது.

உங்கள் தோட்டத்திலும் அடுத்த மழைக்குக் குடை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். உங்கள் பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கிருந்து அது யாருடைய பாத்திக்குப் போகிறது என்றும் பாருங்கள்.