அடைக்க வேண்டியது எந்தக் கோழியை?

கெங்கவல்லியில் கோழி வளர்க்காத தெரு உண்டா? மக்காச்சோளம் காயும் களத்திலும், சுவேத நதிக்கரைத் தோப்புகளிலும் தாயும் குஞ்சுமாகக் கோழிகள் மேய்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கொல்லிமலைக்கு அந்தப் பக்கம் நாமக்கல். அங்கே பண்ணைகளில் கோடிக்கணக்கான முட்டைக் கோழிகள். ஆகவே கோழியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு குஞ்சு சிறகு உதிர்ந்து, மற்றவற்றால் கொத்துப்பட்டு, மூலையில் ஒடுங்கி நிற்கும்போது நம்மவர் சொல்லும் யோசனைகளைக் கேட்டால் வியப்பாக இருக்கிறது.

"அது தேறாது, குழம்புக்கு ஆகும்" என்பார் ஒருவர். "வலியது மெலியதைக் கொத்தத்தான் செய்யும், அது இயற்கை" என்பார் மற்றொருவர். கொஞ்சம் இரக்கம் உள்ளவர் "பாவம், அதைத் தனியாக அடைத்துவிடு" என்பார். இந்த மூன்றையும் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவதை இரக்கம் என்று எல்லாரும் நம்புவதால் அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. சிறகு உதிர்ந்த கோழியெல்லாம் கொத்துப்பட்ட கோழி அன்று. வளரும் குஞ்சு இறகு மாற்றும். பெரிய கோழியும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும். கழுத்தறுத்தான் கோழிக்குப் பிறவியிலேயே கழுத்தில் இறகு கிடையாது. அதற்கு மருந்து போட ஓடுகிறவர்களும் உண்டு! பேன் பற்றிய கோழி அலகால் ஓயாமல் தன் உடம்பையே கோதிக்கொண்டிருக்கும். இறக்கையைத் தூக்கி அடியிலும், வாலுக்குக் கீழும் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். ஆனால் முதுகிலும், வால் தொடங்கும் இடத்திலும், தலையிலும் மட்டும் சதை தெரிகிறதென்றால் அது பிற கோழிகளின் வேலை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

எங்கள் விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் பதினான்கு கோழிகள் உண்டு. அவற்றுள் மூன்று மாத விடைக்கோழி ஒன்றுக்கு இந்த நிலை வந்தது. வால் மொட்டை, முதுகில் உள்ளங்கை அளவு சதை. அதைத் தேற்றும் பொறுப்பை நாங்கள் எட்டுப் பேர் ஏற்றோம். வெதுவெதுப்பான உப்பு நீரால் புண்ணைத் துடைத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம். இதில் இரண்டு நன்மை. புண் ஆறும் என்பது ஒன்று. மற்றொன்று, சிவப்பு மறையும் என்பது. கோழியின் கண்ணுக்குச் சிவப்பு ஓர் அழைப்பு. இரத்தம் கண்ட இடத்தை, அதுவரை சும்மா இருந்த கோழியும் வந்து ஒரு கொத்துக் கொத்தும். புதிதாக முளைக்கும் இறகின் குருத்தில் இரத்தம் ஓடுவதால், தேறத் தொடங்கும் வேளையில்தான் அதற்கு ஆபத்து அதிகம். அந்தக் குருத்தைக் கையால் அழுத்தினால் வலிக்கும், ஒடிந்தால் இரத்தம் கொட்டும். ஆகவே அன்பு மிகுதியால் அதை எந்நேரமும் தூக்கிக் கொஞ்சுவதும் ஆகாது. (எங்களுள் ஒருத்திக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.)

அடுத்தது தீனி. இறகு என்பது நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் புரதம். நாமோ நொய்யையும் மக்காச்சோளத்தையும் போட்டுவிட்டு இறகு முளைக்கவில்லையே என்கிறோம். மக்காச்சோளத்தில் புரதம் நூற்றுக்கு ஒன்பது பங்குதான். வளரும் குஞ்சுக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். நம் பாட்டிமார் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பழம்பானையில் காய்ந்த சாணமும் கந்தல் கோணியும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் மண்மேல் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிப் போட்டால் குஞ்சுகள் பறந்து வரும். அதனுடன் பூஞ்சணம் பிடிக்காத கடலைப் பிண்ணாக்கும் அகத்திக்கீரையும் கொடுத்தோம். கீரையைத் தரையில் கொட்டாமல் கொத்தாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். கொத்துவதற்கு வேறொன்று கிடைத்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது குறையும். வேரோடு உதிர்ந்த இறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் வளர்ந்துவிடும். அடித்தண்டு ஒடிந்து நிற்பது மட்டும் அடுத்த இறகு மாற்றம் வரை அப்படியே இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இனி, இயற்கை என்போருக்கு வருவோம். நார்வே நாட்டில் சிறுவனாக இருந்தபோதே தன் வீட்டுக் கோழிகளை உற்றுப் பார்த்துக் குறிப்பெழுதியவர் ஷெல்டெரப் எப்பே. எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை இருப்பதை அவர் 1922 ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் பேசப்படும் 'கொத்து வரிசை' அதுதான். உண்மையே, வரிசை இயற்கை. ஆனால் வரிசை தெரிந்துவிட்டால் ஒரு முறைப்பே போதும். கீழே உள்ளது விலகிக்கொள்ளும், சண்டை முடிந்துவிடும். விலக இடமில்லாத கூட்டில்தான் முறைப்பு காயமாகிறது. நெருக்கடி, ஒரே தீனித்தட்டு, வெக்கை, புரதக் குறைவு ஆகியவற்றை உண்டாக்கியது கோழியா? கூடு கட்டியவர் நாம். பழியை மட்டும் இயற்கையின்மேல் போடுகிறோம்!

பெரும் பண்ணைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. குஞ்சுப் பருவத்திலேயே சூடான தகட்டால் அலகின் நுனியைத் தீய்த்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு வேறு வழி இல்லை என்பர். நார்வே நாடு 1974 முதல் அதைத் தடை செய்து, கோழி வளர்த்தும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கம்பிக் கூண்டுகளே 2012 முதல் கூடாதென்று ஆகிவிட்டது. எப்படியாயினும் வீட்டு முற்றத்தில் பத்துக் கோழி வளர்க்கும் நமக்கு அந்தத் தகடு வேண்டாம்.

சரி, தனியாக அடைப்பதற்கு வருவோம். புண் ஆறும் வரை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் கண்காணாத அறையில் ஒரு மாதம் வைத்தால், கூட்டம் அதை மறந்துவிடும். திரும்ப விடும் நாளில் அது அந்நியம். கொத்து முன்னைவிடப் பலமாக விழும். ஆகவே கொடாப்பில் கவிழ்த்து, மற்றக் கோழிகள் மேயும் முற்றத்திலேயே வைத்தோம். பார்க்கலாம், கேட்கலாம், தொட முடியாது.

அதே நாட்களில் இன்னொன்றும் செய்தோம். கொத்தத் தொடங்கிய மஞ்சள் பெட்டையைப் பிடித்து, மறைவான கூட்டில் ஐந்து நாள் அடைத்தோம். தீனியும் தண்ணீரும் குறைவில்லை. கூட்டம் மட்டும் இல்லை. அது வெளியே வந்தபோது வரிசை மாறியிருந்தது. அதன் இடத்தை வேறொன்று பிடித்திருந்தது. யாரைக் கொத்துவது என்று தேடாமல், தனக்கு இடம் எங்கே என்று தேடத் தொடங்கியது. விடைக்கோழியை நாங்கள் அந்தி சாய்ந்தபின், சாதுவான துணை ஒன்றோடு சேர்த்துக் கூட்டில் விட்டோம். விடிந்ததும் எல்லாம் ஒன்றாகவே இறங்கின. தட்டு இரண்டு, தண்ணீர்ச் சட்டி இரண்டு என்று தள்ளித் தள்ளி வைத்தோம். எட்டாவது வாரம் அதற்கு வால் வந்துவிட்டது. கறுப்பில் பச்சை மின்னும் வால்.

பெற்றோர்களே, அருட்சகோதரிகளே, இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோழி மட்டுமா நினைவுக்கு வருகிறது? எங்களுக்கு அப்படி இல்லை. கேலிக்கு ஆளான ஒரு பெண்ணை வேறு வகுப்புக்கு மாற்றுவார்கள். வேறு பள்ளிக்கே அனுப்புவார்கள். "நீ அவர்கள் பக்கம் போகாதே" என்பார்கள். கேலி செய்தவர்கள் அதே பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நடந்ததை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். இடம்பெயர வேண்டியவள் யார் என்று ஏன் ஒருவரும் வினவுவதில்லை? கோழிக்கு ஐந்து நாள் போதுமாயிற்று. பெண்களுக்கு எத்தனை நாள் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. வரும் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வெளியூர்களிலிருந்து சிறுமியர் விடுதிக்கு வருவார்கள். அவர்களை ஒருத்தி ஒருத்தியாகப் பழைய மாணவியர் அறைகளில் விடாமல், இருவர் இருவராகச் சேர்த்து விட வேண்டும். குழாயடியில் இன்னும் இரண்டு குழாய் போட வேண்டும். முதல் வாரம் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட நாங்கள் எட்டுப் பேரும் பெயர் கொடுத்துவிட்டோம்.