வாய்க்கால் எங்கே முடிகிறது?

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வீதிகள் நீரில் மூழ்குகின்றன. பள்ளிச் சிறுவர் முழங்காலளவு நீரில் நடக்கின்றனர். கூலித் தொழிலாளி வேலையிழக்கிறான். “இயற்கையின் சீற்றம்” என்கிறார்கள் அதிகாரிகள்.

2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் கொண்டுவந்த பெருமழை அசாதாரணமானதுதான். ஆனால் ஆண்டுதோறும் சாதாரண மழைக்கே அதே சந்தியில் அதே வெள்ளம் நிற்குமாயின், அது இயற்கையின் குற்றமன்று, மனிதரின் குற்றம்.

குடாநாட்டில் வற்றாத நதி இல்லை. வழுக்கையாறுங்கூட மாரியில் மட்டுமே ஓடுவது. எனவேதான் குளங்களும் அவற்றுக்கு மழைநீரைக் கொண்டுசெல்லும் வெள்ளவாய்க்கால்களும் இருந்தன. தேங்கிய நீர் சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்தது. அப்பழமையை நாம் பூசிக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கிணற்றில் நீரள்ளும் உரிமையையே மறுத்த சமூகம் அது. ஆயினும் மழைநீருக்கு வழிவிட அது அறிந்திருந்தது. இன்றோ குளத்தில் குப்பை, வாய்க்காலின்மேல் மதில்.

இதற்குப் பரிகாரமென்று என்ன செய்கிறார்கள்? வீதியை உயர்த்தித் தார் இடுகிறார்கள், ஓரத்தில் சீமெந்து வடிகால் கட்டுகிறார்கள், நாடா வெட்டுகிறார்கள். அந்த வடிகால் எங்கே முடிகிறது? பல இடங்களில் குளத்திலுமன்று, கடலிலுமன்று. தாழ்ந்த காணியில் வாழும் ஏழையின் முற்றத்தில்! மேட்டுக்காணி யாருக்கு, பள்ளக்காணி யாருக்கு என்பதைச் சொத்தும் சாதியும் முன்பே தீர்மானித்துவிட்டன. மலகூடக் குழியின் அழுக்கு கிணற்றில் கலப்பதும் அந்தப் பள்ளத்திலேதான். பெரியவீட்டுப் படலையில் நின்ற வெள்ளத்தைக் குடிசைக்குள் தள்ளுவதற்குப் பெயர் அபிவிருத்தியா?

கேட்டால், பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது. பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அடுத்த தர வீதி மாகாணத் திணைக்களத்துக்குரியது. ஒழுங்கை பிரதேச சபைக்குரியது. நீருக்கோ இந்த எல்லைகள் தெரியா. 2018 ஒக்ரோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் ஆளுநரின் நிர்வாகத்தில் ஆண்டுகள் கழிந்தன. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை பிரதேச சபைகளிலும் மக்களின் பிரதிநிதிகள் இருக்கவில்லை. தட்டிக்கேட்க மன்றமில்லாத காலத்தில் ஒப்பந்தகாரரின் கணக்கே திட்டமாகிறது.

வடிகால் வேண்டாமென்பதன்று நமது வாதம். வேலை மறுமுனையிலிருந்து தொடங்கட்டும் என்கிறோம். முதலில் குளத்தின் தூர் அகற்றப்பட வேண்டும். பின்னர் வாய்க்கால் அளக்கப்பட்டு, அதை மறித்த மதில் எவருடையதாயினும் இடிக்கப்பட வேண்டும். அதன்பின் வீதிக்கு வரலாம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! சிரமதானம் குப்பையை அகற்றும், மதிலை அகற்றாது. உங்கள் ஊரில் நீர் ஓடிய வழியை முதியோரிடம் கேட்டு வரைபடமாக்குங்கள். எவ்விடத்தில் யாரால் அடைக்கப்பட்டது என்று அதிற் குறியுங்கள். பள்ளக்காணி மக்களோடு சேர்ந்து அதைப் பிரதேச சபையின் முன் விரியுங்கள். அடுத்த அடிக்கல் நாட்டுவிழாவில் ஒரே கேள்வி எழட்டும்: இந்த வாய்க்கால் எங்கே முடிகிறது?